காற்றில்லாத கிரகம்

"கேப்டனுக்கு இன்னும் மூணு நாளைக்குத்தான் காத்து இருக்குன்னு போன வாரம் நிறுத்திட்டீங்க. வீட்ல என் பொண்ணு சாப்பிடவே மாட்டேங்கறா. கேப்டன் பொழைச்சாத்தான் சோறுங்கறா."

சிறைச்சாலையின் கடித ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிளார்க் குரலைத் தாழ்த்திச் சொன்னான். வெளியே நின்ற தையல்காரி சிரிக்கவில்லை. நூல் துணுக்குகள் ஒட்டியிருந்த முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மடித்த தாள்களைக் கம்பி இடுக்கில் நீட்டினாள்.

"கைதிக்கு வர்ற கடுதாசியை வீட்டுக்குக் கொண்டு போறீங்களா சார்?"

"ஐயோ, இல்லம்மா. படிச்சதை வாயால சொல்றதுதான்."

அவன் தலைக்கு மேல் ஓர் அட்டை தொங்கியது. பெயர், ஊர், தேதி, செய்தி எதுவும் கடிதத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் கறுப்பு மையால் அடிப்பதுதான் அவன் வேலை. அவளுடைய முதல் கடிதத்தில் 'இங்கே நல்ல மழை' என்ற வரியைக்கூட அடித்தான். மழை என்றால் எந்த மாதம் என்று தெரிந்துவிடுமாம்.

"அப்ப எதைத்தான் சார் எழுதறது?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"இந்த உலகத்தைப் பத்தி எதுவும் எழுதாதீங்க. அவ்வளவுதான்."

அதன்பின் இந்த உலகத்தைப் பற்றி அவள் எழுதவில்லை. அடுத்த வாரமே இரண்டு நிலவுள்ள ஒரு கிரகம் கடிதத்தில் வந்து சேர்ந்தது. அங்கே மூச்சுக்காற்றை அரசாங்கம் அளந்து கொடுத்தது. வாயைத் திறந்து பேசியவர்களுக்கு அளவைக் குறைத்தது. நிறையப் பேசிவிட்ட ஒரு கேப்டனைப் பூட்டி வைத்திருந்தது.

கிளார்க் பேனாவை வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேடினான். பெயர் இல்லை, ஊர் இல்லை. அடிப்பதற்கு ஒரு சொல்கூட அகப்படாமல் அதிகாரியிடம் கொண்டு போனான். "துண்டுப் பிரசுரம் அச்சடிச்சானே, அவன் பொண்டாட்டியா? புத்தி பேதலிச்சுப் போச்சு, பாவம். எழுதிட்டுப் போறா, விடு" என்றார் அவர்.

புருஷனுக்கு இளைப்பு நோய். அதனால் அந்த நாட்களில் கடிதத்தோடு இன்ஹேலரும் கொண்டு வருவாள். ஒரு நாள் அதை மட்டும் அவன் திருப்பிக் கொடுத்தான். "இனிமே வேணாம்மா. உள்ளேயே மருந்து குடுக்கறாங்க." அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்கடுத்த கடிதத்தில், கேப்டனைத் தேடி அவருடைய மனைவி விண்கலம் ஏறினாள்.

அந்தப் பொய்யை அவன் சொன்னபோது அவள் புருஷன் மூச்சு முட்டிச் செத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

'கடுதாசியை வாங்கி வை, வாயைத் திறக்காதே' என்பது உத்தரவு. அதற்குப் பிறகு வந்த பதினாறு கடிதங்களும் அவன் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தன. ஒவ்வொரு வாரமும் இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டை விட்டுக் கிளம்புவான்.

சொன்னால் வேலை போய்விடும் என்பது ஒரு பயம். கதை நின்றுவிடும் என்பது இன்னொன்று. இரண்டாவது பயம்தான் பெரியது என்று ஒரு நாள் உறைத்தபோது, அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தாளில் கேப்டன் மூச்சு விடுகிறவரை தன் கையில் பாவம் ஒட்டவில்லை என்று மனசின் ஏதோ ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்தது.

இப்போது தாள்களைப் பிரித்துப் படித்தான். மனைவி கிரகத்தில் இறங்கிவிட்டாள். திரும்பிப் போக அவளிடமும் காற்றில்லை. ஒவ்வொரு மண்மேட்டின் மேலும் குனிந்து, கையால் தடவிப் பார்க்கிறாள்.

கடைசித் தாள் காலியாக இருந்தது.

"என்னம்மா இது? முடிவு எங்க?"

"அங்கதான் சார் நிக்குது. அதுக்கு மேல எனக்குத் தெரியல."

"எழுதறவங்களுக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்?" கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டான். "எப்படியாவது அவரைக் காப்பாத்திடுங்கம்மா. எங்கயோ கொஞ்சம் காத்து மிச்சம் இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்க. கதைதானே? உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"ஏம்மா, கடுதாசி குடுக்க வந்தியா, குடித்தனம் நடத்த வந்தியா? எனக்குக் கால் கடுக்குது" என்று வரிசையில் பின்னால் நின்றவள் கத்தினாள்.

தையல்காரி திரும்பிப் பார்க்கவில்லை. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்களைக் கம்பிக்குள் விட்டு, அவனுடைய கறுப்பு மைப் பேனாவை எடுத்தாள். காலித் தாளின் மேல் அதை வைத்து, தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க புதைச்சீங்க, தம்பி?"