ஆறு நின்ற காலை

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஐப்பசிக் காலையில் ஆற்றில் தண்ணீர் நின்றுபோனது. சேற்றில் மீன்கள் துள்ள, ஊரே கூடைகளோடு இறங்கியது. பரிசல் ஓட்டும் மாரப்பன் நடு ஆற்றுக்கே போய்விட்டான். அவன் மனைவி செங்கமலம் மட்டும் கரையிலிருந்து மலையைப் பார்த்தாள். அங்கே மழை குறையவே இல்லை.

"மேல வந்துரு மாமா. தண்ணி மலையில எங்கயோ அடைச்சுக்கிட்டு நிக்குது!"

"நமக்குச் சோறு போடுற ஆறு புள்ள. நம்மள என்ன பண்ணிரும்?" அவன் ஒரு வாளை மீனை மார்போடு அணைத்துத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

அவனை இழுத்துவர அவளே இறங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் உள்ளங்காலுக்கடியில் சேறு அதிர்ந்தது. மாரப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு மலைப்பக்கம் திரும்பினான்.

அவளுக்குக் கரை பக்கத்தில்தான் இருந்தது. செங்கமலம் அவனை நோக்கி ஓடினாள்.