ரதி வேசம் கட்டின படம்

தேயிலைத் தோட்டத்து வாசகசாலைக் கம்ப்யூட்டர் மூடி கழன்று கிடக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதைப் புதிய பெரிய டிஸ்க்குக்கு மாற்ற உட்கார்ந்த நிலுக்ஷி, தவறிப்போய்ப் பழையதையே ஃபோர்மட் பண்ணி எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். கொழுந்து பறிக்கும் ராமாயியின் செத்துப்போன மகன் காமன் கூத்தில் ரதி வேசம் கட்டி நின்ற படம் அதில்தான் இருந்தது. அவனுக்கு வேறு படமே கிடையாது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்த ராமாயி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு திரைமுன் உட்காருகிறாள். "பெருசா மாத்திட்டியாமே புள்ள, இனி எம்மவனும் பெருசா தெரிவானா?" ஜன்னலில் பனி அப்புகிறது. வெறுந்திரையின் நீலம் ராமாயியின் சிரிப்பில் விழுகிறது. நிலுக்ஷி மவுஸை அங்குமிங்கும் நகர்த்துகிறாள். "குளிருக்குப் படம் மெதுவாத்தான் வரும், பதறாத" என்று ராமாயி அவள் முதுகைத் தடவுகிறாள். நிலுக்ஷிக்கு மனம் கூசுகிறது. "நான் அழிச்சிட்டேன் அத்தே." தடவிய கை அப்படியே நின்றுவிடுகிறது, முதுகை விட்டு எடுபடவில்லை.