வழிகாட்டியின் குரல்

பல் மருத்துவர் மாநாட்டுக்கு வந்தவர்களைக் கோட்டைக்குள் இருந்த படிக்கிணற்றுக்குக் கூட்டிப்போனாள் வழிகாட்டி மரகதவல்லி. அவள் மைக்கில் பேசுவது, ஆளுக்கொன்றாகக் காதில் மாட்டியிருந்த கருவியில் கேட்கும். தண்ணீரை ஒட்டிய கடைசிப் படியில் நின்றுகொண்டு, அங்கே காணாமல் போன ஒரு ராணியைப் பற்றி அவளே கட்டிவிட்ட கதையைச் சொல்வாள். கேட்டவர்கள் கண் கலங்காமல் போனதில்லை.

இன்று அந்தப் படியில் கால் வைத்ததுமே இருமல் வந்துவிட்டது. மைக்கை அணைத்துவிட்டு இருமினாள். நிமிர்ந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் இடப்பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மைக்கில் விளக்கு எரியவில்லை.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்?" என்றாள். சிரிப்பு அடங்கி, எல்லோர் பார்வையும் அவள் கால்களில் வந்து நின்றது.

"பாவம், சின்ன வயசு," என்று ஒரு டாக்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மரகதவல்லி, "அதக் கொஞ்சம் குடுங்கம்மா" என்று அவர் காதிலிருந்ததை வாங்கித் தன் காதில் வைத்தாள். பேசியது அவள் குரல்தான். அழவைக்கும் இடத்துக்கு முன்னால் அவள் விடுகிற இடைவெளிகூட அப்படியே இருந்தது. கதையில் ராணியைத்தான் காணோம்.

"அன்னிக்கு அந்த வழிகாட்டிப் பொண்ணு உங்கள மாதிரியே ஒரு மாநாட்டுக் கூட்டத்தக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. இருமல் வந்துச்சு. ஒரு டாக்டரம்மாகிட்ட கருவிய வாங்கிக் காதுல வெச்சுக் கேட்டாங்க."

குரல், வழக்கம்போல, ஒரு மூச்சு நின்றது.

"இப்ப எல்லாரும் ஒரு படி மேல ஏறிக்குங்க."

அவளைத் தவிர எல்லோரும் ஏறினார்கள்.