மைதா பேட்டரி

“இன்னா சாவியோ, இது பேட்டரியா, பிஸ்கோத்தா? உள்ளேர்ந்து மைதா மாவு கொட்டுது!”

காத்தூன் பீவி, தான் நெடுக்காக அறுத்துப் பார்த்த பேட்டரியை மீன் பலகை மேல் தட்டினாள். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அவளுக்குப் பின்னால் ஆன்சியும் இன்னும் நான்கு பெண்களும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் மாலையானால் இந்த ஆறு பேரும் தள்ளுவண்டியில் மீன் வறுத்து விற்பார்கள். மீன் எடுப்பது எதிரே இருக்கும் சாவியோ கடையில். வண்டிக்குக் கரண்டு கிடையாது, எமர்ஜென்சி விளக்குதான். இங்கே பேட்டரி விலை ஜாஸ்தி என்று, தலைக்கு முந்நூற்றைம்பது ரூபாய் வசூலித்து, கடல் தாண்டியிருக்கும் ஒரு கடையிலிருந்து ஆன்லைனில் பன்னிரண்டு பேட்டரி வரவழைத்தவன் சாவியோ. ‘இரவு முழுவதும் எரியும்’ என்று அட்டையில் போட்டிருந்தது. எந்த ஊர் இரவு என்று போடவில்லை. இங்கே நாற்பது நிமிடம்தான் எரிந்தது.

“நேத்து இருட்டுல ஒருத்தருக்கு வஞ்சிரம்னு சொல்லி நெத்திலிய வெச்சுட்டேன்” என்றாள் ஆன்சி.

“அவரு இன்னா சொன்னாரு?”

“வஞ்சிரம் ரொம்ப இளைச்சிப் போச்சேன்னாரு.”

“சிரிக்காதடி” என்று பீவி அதட்டினாள். “தபாரு சாவியோ, ஏழு மணிக்குள்ள எங்க துட்டு வரணும். இல்லேன்னா நாளைலேர்ந்து ஆறு பேருக்கும் கோதண்டம் கடை மீனுதான். சொல்ட்டேன்.”

ஏழு மணி என்பது பீவியாக வைத்த கெடு அல்ல. புகாரை அன்று மாலை ஏழோடு மூடிவிடுவோம் என்று அந்த வெளிநாட்டுக் கடையே சொல்லியிருந்தது. மணி இப்போது ஆறே முக்கால்.

“யக்கா, என்னையே ஏமாத்திட்டு ஒருத்தன் தப்பிச்சிருவானா?” சாவியோ கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். நான்கு நாள் சண்டை அதில் இருந்தது. அவர்கள் பாஷையை போனே தமிழாக்கித் தந்தது. உரக்கப் படித்தான்.

“‘அன்பான நண்பரே, உங்கள் சோகம் எங்கள் சோகம். பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் செய்து, அன்புடன் மீண்டும் முயலவும்.’”

“மைதாவுக்கு அன்பு காட்னா புரோட்டாதான் வரும்” என்றாள் ஆன்சி.

“‘பத்து சதவீதம் திருப்பித் தருகிறோம். ஐந்து நட்சத்திரம் கொடுத்து எங்கள் குடும்பத்தை வாழ வையுங்கள்.’”

“அவன் குடும்பத்துக்கு நட்சத்திரம், நமக்கு இருட்டா? நல்லாக் கேளுப்பா அவன!”

சாவியோ நல்லாவே கேட்டான். சொல்லிக்கொண்டே தட்டினான். “‘ஆறு பொம்பளைங்க வயித்துல அடிச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா? வியாபாரம்னா ஒரு நாணயம் வேணாம்? வெளிய ஒண்ணு காட்டி உள்ள ஒண்ணு வெக்கிறவனுக்குச் சோறு தொண்டைல எறங்குமா?’”

ஆறு பேரும் கைதட்டினார்கள். அந்த உற்சாகத்தில், அறுத்த பேட்டரியோடு அவர்களைக் கடை முன்னால் நிற்க வைத்து, தானும் கல்லாவில் நியாயவான் போல உட்கார்ந்து, வழியில் போனவரை விட்டு ஒரு படம் எடுத்து அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. “‘அன்பான நண்பரே, அறுத்த பேட்டரிக்கு வாரண்டி கிடையாது. படத்தில் உள்ள அம்மாக்கள் அழகு.’”

பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “கண்ணு மட்டும் நல்லாத்தான் கீது அவனுக்கு.”

போன் மறுபடி கூவியது. சாவியோ படித்தான். இந்த முறை உரக்கப் படிக்கவில்லை. இன்னொரு தரம் படித்தான். தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

“இன்னா சொல்றான்?”

“ஒத்துக்கினான்.”

“இன்னாது!”

“தப்புதான்னு ஒத்துக்கினான்கா. முழுத் துட்டும் தர்றானாம்.” சாவியோ கல்லாவை இழுத்தான். “அது என் அக்கவுண்டுக்கு என்னிக்கு வருதோ. நீங்க ஏன் காத்துக்கினு இருக்கணும்? இந்தாங்க, புடிங்க.”

ஆறு பேருக்கும் முந்நூற்றைம்பது, முந்நூற்றைம்பதாக எண்ணிக் கொடுத்தான். கல்லாவில் மிச்சம் இருந்தது மீன் செதில்தான்.

பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. “கடல் தாண்டிக் கீறவனையே மடக்கிட்டியே நைனா! கோதண்டம் கடையாம், கோதண்டம் கடை. அந்தப் பேச்ச வுட்டுரு. நாளைக்கு எனக்கு ரெண்டு கிலோ சங்கரா எடுத்து வெய்யி.”

“வெக்கிறேன்கா” என்றான் சாவியோ, மெதுவாக.

அவர்கள் சாலையைக் கடந்து போனதும் மணி ஏழு அடித்தது. புகார் மூடப்பட்டது என்று போன் அறிவித்தது. சாவியோ அதற்கு முந்தைய செய்தியை இன்னொரு முறை பார்த்தான்.

‘அன்பான நண்பரே, உங்களை நம்புகிறோம். படத்தில் உங்கள் அருகே தெரியும் உங்கள் மீன் தராசில், அந்த அம்மாக்கள் எதிரில், அறுக்காத பேட்டரிகளில் பத்தை வைத்து வீடியோ எடுத்து ஏழு மணிக்குள் அனுப்புங்கள். நிஜ பேட்டரி பத்தும் சேர்ந்து நானூற்றைம்பது கிராம் இருக்கும். அதற்குக் குறைந்தால் முழுப் பணமும் உடனே.’

மூன்று வருடம் முன்பு சாவியோ தன் கையாலேயே ‘சரிசெய்து’ வைத்த தராசு அது. அதில் ஏறினால் மைதாவும் நானூற்றைம்பது கிராம் காட்டும்.