முக்காலியில் உட்கார்ந்தவர்

திரை விழுந்ததும் எல்லாரும் வாசல் பக்கம் போனார்கள். சந்திரமௌலி மட்டும் நேரே மேடைக்குப் பின்னால் போனார். தன் வீட்டு விவகாரத்தை யாரோ இந்த நாடகக்காரனிடம் வத்தி வைத்திருக்கிறார்கள், அது யார் என்று தெரியாமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

கோபம் மட்டும் இல்லை. கண்ணும் சிவந்திருந்தது. மயிலாப்பூர் சபாவில் பல வருஷத்து மெம்பர், எத்தனையோ சோக நாடகங்களில் கொட்டாவி விட்டவர், இன்றைக்கு மேல்துண்டு நனைய அழுதுவிட்டார்.

நாடகம் அப்படி. மேடை நடுவில் ஒரு முக்காலி. அதில் யாரும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். சட்டைப் பட்டன் எங்கே என்கிறார்கள், காபி ஏன் ஆறிப்போச்சு என்கிறார்கள், உனக்கென்ன புரியும் என்கிறார்கள். முக்காலியிலிருந்து பதிலே வராது. உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா, கிழமா குமரா, கடைசி வரை சொல்லவில்லை.

சந்திரமௌலிக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அது தான்தான் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. ஆபீசில் அடுத்தவன் ஃபைலெல்லாம் இவர் தலையில்தான் விழும். வீட்டில் மனைவி சூடாமணி இவரைக் கேட்டு எதையும் செய்ததில்லை. இப்போதுகூட தன் தம்பி பிள்ளைக்குக் காது குத்தல் என்று திருச்சிக்குக் கிளம்பிவிட்டாள். போகட்டுமா என்று ஒரு வார்த்தை உண்டா?

நாடகத்தை எழுதியவன் கோதண்டபாணி. அதில் அந்த வீட்டுத் தம்பியாக வேஷம் போட்டவனும் அவனேதான். தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னைப் பத்தி யார் உங்ககிட்ட சொன்னா?" என்றார் சந்திரமௌலி.

அவன் ஆச்சரியப்படவில்லை. "நீங்களுமா சார்?" என்று கேட்டு, உட்காரச் சொன்னான்.

நாடகம் போட்ட இடத்திலெல்லாம் இப்படி யாராவது வந்துவிடுகிறார்களாம். மாம்பலத்தில் ஒரு மாமியார் வந்து, அந்த முக்காலி நான்தான் என்று அழுதுவிட்டுப் போனாளாம். அவள் தலை மறைந்ததும் மருமகள் வந்து அதையே சொல்லி அழுதாளாம்.

"யாரையும் நெனைச்சு எழுதலை சார். காலியா விட்டேன், அவ்வளவுதான். வர்றவங்க தானா உக்காந்துக்கறாங்க. ஆனா சுத்தி நின்னு அதட்டறவங்க நாங்க இத்தனை பேர் இருக்கோம். அதுல ஒருத்தர் நான்தான்னு இன்னி வரைக்கும் யாரும் வந்து சொன்னதில்லை."

சந்திரமௌலி வெளியே வந்தார். குடை ஞாபகம் வந்து கொட்டகைக்குள் திரும்பினார். அது இவருடைய பக்கத்து நாற்காலியில் சாய்ந்து கிடந்தது. சூடாமணியின் டிக்கெட்டுக்கு உண்டான நாற்காலி. நாடகம் முழுக்க அதில் உட்கார்ந்திருந்தது குடைதான்.

அதைப் பார்த்த பிறகுதான் சாயங்காலம் நடந்தது நினைவுக்கு வந்தது.

அக்கா வேம்பு. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். சமையல், துணி, இவருடைய சட்டைப் பட்டன், எல்லாம் அவள் கைதான். ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கே, நானும் வரட்டுமாடா என்று கேட்டாள். அந்த வீட்டில் அவள் தனக்கென்று வாய்விட்டு எதையும் கேட்டு இவர் பார்த்ததில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "உனக்கென்ன புரியும்? கதவைத் தாப்பாள் போட்டுண்டு ஆத்தைப் பாத்துக்கோ."

மேடையில் கோதண்டபாணி முக்காலியைப் பார்த்துப் பேசிய முதல் வசனம் ஏறக்குறைய அதேதான். அதைக் கேட்டுத்தான் இவர் முதலில் துண்டை எடுத்தார்.

வீடு கொட்டகைக்குப் பின் சந்தில்தான். அந்தக் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிட வேண்டும், அடுத்த நாடகத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வாய் வருமா என்றுதான் தெரியவில்லை.

வேம்பு கதவைத் திறந்தாள். இலை போட்டுத் தயாராக வைத்திருந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"கொல்லைக் கதவைத் திறந்து வெச்சுண்டு உக்காந்திருந்தேன்டா. மைக்ல பேசினதெல்லாம் நன்னா கேட்டுது," என்றாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இலையின் முன் உட்கார்ந்தவருக்குச் சாதத்தில் கை வைக்க முடியவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

"அக்கா, நான் உன்னை..." என்று ஆரம்பித்தார்.

வேம்பு நெய்யை விட்டுக்கொண்டே பேசினாள்.

"எல்லாரும் அந்த அதட்டு அதட்டறா, ஒருத்தன் மட்டும் பதிலே பேசாம இருந்தானே. அவன் முகம் எப்படி இருக்கும், பாக்க முடியலையேன்னு இருந்தது. அப்புறம் நானே கண்டுபிடிச்சுட்டேன். ஆபீஸ்லயும் ஆத்துலயும் எல்லாருக்கும் உழைச்சுக் கொட்டறயே, நீதான்டா அது. உன்னை நெனைச்சு நெனைச்சு அழுதேன். சாப்பிடு."