பேசாத கால்

மகன் கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று தன்னை வரவேற்கவில்லை என்று, சம்பந்தி டாக்டர் வேலாயுதத்தோடு கோமதிநாயகம் அன்றோடு பேச்சை நிறுத்தியிருந்தார். நாலு எட்டு நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கவும், இப்போது அவரிடமே காலை நீட்டிப் படுத்திருந்தார். பெண்ணைக் கொடுத்தவர் குனிந்து, பாதத்தில் பசை தடவி, பேனா போன்ற கருவியை வைத்தார். இடது காலில் ரத்தம் ஓடுவது உஸ் உஸ்ஸென்று அறை முழுக்கக் கேட்டது. கோமதிநாயகத்துக்கு உச்சி குளிர்ந்தது. வலது காலிலோ சத்தமே இல்லை. இங்கே வைத்தார், அங்கே வைத்தார். கோமதிநாயகத்தின் வீறாப்பு ஆட்டம் கண்டது.

"என்ன சம்பந்தி, சத்தத்தையே காணும்?"

வேலாயுதம் நிமிரவில்லை. "உங்க காலுல்லா. வாசல்ல நின்னு கூப்பிட்டாத்தான் வாயத் தொறக்கும்."

கருவியைக் கணுக்காலுக்கு நகர்த்தினார். எங்கோ அடியில், அரைமனசாக ஒரு உஸ் கேட்டது.