தேர் நாளில் மூடிய கதவு

"உள்ள போகாத!"

காளியாயி கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றாள். நாலு வருடம் கழித்துப் பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும் மகளை, வா என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் ஜெயந்தினி. தலவாக்கலையில் இறங்கி, ஓட்டோ பிடித்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, தேயிலைத் தோட்டமே மாரியம்மன் தேரில் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. நேற்று அண்ணன் கஜேந்திரன் போனில் சொன்னதுதான் அவளை இழுத்து வந்தது: "அப்பாவுக்கு ரொம்ப முடியல. ஒன்னையத்தான் கேக்குறாரு." விடியற்காலையில் பஸ்ஸிலிருந்து அவள் திரும்பக் கூப்பிட்டபோது அவன் எடுக்கவில்லை.

"அண்ணன்தானேம்மா வரச் சொன்னாரு?"

"சொன்னான். அப்பா தூங்குறாரு. நீ உள்ள போனா ஒன் வாய் சும்மா இருக்காது."

"சண்டை போடவா வந்தேன்? கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கத்தாம்மா வந்தேன்."

"எல்லாம் அப்பறம். இங்கனயே உக்காரு."

ஜெயந்தினி இஸ்தோப்புத் திண்ணையில் பையைப் போட்டு உட்கார்ந்தாள். பிடித்தவனோடு அவள் கொழும்புக்குப் போன அன்று, "இனி அவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொன்னவர் அப்பா பழனியாண்டி. அவர்தான் கோயில் தலைவர். அவர் ஒன்று சொல்லிவிட்டால் லயத்தில் மறுபேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதரே இறங்கி வந்து கூப்பிட்டிருக்கிறார், அம்மாவுக்கு மட்டும் மனம் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து வீரம்மா தண்ணீர்க் குடத்தோடு வெளியே வந்தாள்.

"சித்தி, எங்கப்பாவப் பாத்தீங்களா? எப்படி இருக்காரு?"

"நான் எதுக்கு ஒங்கப்பனப் பாக்கணும்?" என்றாள் வீரம்மா. "போன வருசம் இதே தேரன்னிக்கு எம் புருசன் செத்துக் கெடந்தான். வாய்விட்டு அழக்கூட விடலயே அந்த மனுசன்! அந்தப் படிய நான் மிதிக்கவே மாட்டேன்."

ஜெயந்தினி போன வருடம் இங்கே இல்லை. அப்பாவின் கண்டிப்பில் அடிபட்டவர்கள் லயத்தில் எத்தனையோ பேர், இவளும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் பொங்கல் வாசனை வந்தது. பசி வயிற்றைக் கிள்ள, அவள் இஸ்தோப்பு மூலையில் அடைத்துக் கட்டிய குசினியை எட்டிப் பார்த்தாள். அடுப்புச் சாம்பலில் பூனை சுருண்டு படுத்திருந்தது.

அவளுக்கு நெஞ்சு கொதித்தது. வந்திருப்பது பெற்ற மகள். அவளுக்கு ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுக்கக்கூட அடுப்புப் பற்றவைக்க மனமில்லையா? வருடா வருடம் முதல் ஆளாகத் தேர்வடம் பிடிக்கிற அண்ணன்கூட இன்று இஸ்தோப்பு ஓரத்திலேயே நின்றான்; அவளைக் கண்டதும் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான்.

தப்பு மேளச் சத்தம் நெருங்கி வந்தது. தேர் அவர்கள் வாசலில் நின்றது. கோயில் கமிட்டி செல்லசாமி முன்னால் வந்தார்.

"தலைவரு எப்படிங்க இருக்காரு? ஒரு எட்டு வாசலுக்குக் கூட்டியாங்களேன், அம்மனப் பாக்கட்டும்."

"இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுப்ப வேணாங்க. எது நடந்தாலும் தேரு நிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றாள் காளியாயி. அவள் அர்ச்சனைத் தட்டும் எடுக்கவில்லை, படியை விட்டு இறங்கவும் இல்லை.

பூசாரி நீட்டிய திருநீற்றை ஜெயந்தினிதான் ஓடிப்போய் வாங்கினாள். அப்பா நெற்றியில் பூசிவிட்டால் போதும், பேசக்கூட வேண்டாம் என்று கதவுப் பக்கம் திரும்பினாள். காளியாயி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். திருநீறு தரையில் கொட்டியது.

தேர் நகர்ந்தது. ஜெயந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீயெல்லாம் ஒரு அம்மாவா? அவரு கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கிறேன், விடும்மா."

காளியாயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தேர் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும், இந்தப் பொம்பளைக்கு இல்லை என்று வெறுத்துப்போய் உட்கார்ந்தாள் மகள்.

தேர் கடைசி லயத்தைச் சுற்றி, பாலத்தைத் தாண்டி, கோயில் மேட்டில் ஏறியது. மேட்டிலிருந்து பட்டாசுச் சத்தம் கேட்டது. பிறகு தப்பும் ஓய்ந்தது.

அப்போது வீரம்மா வந்தாள். மிதிக்கவே மாட்டேன் என்ற அந்தப் படியில் ஏறி, காளியாயியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

காளியாயி கதவைத் திறந்துவிட்டாள்.

"அப்பா முழிச்சிட்டாராம்மா?" என்று எழுந்து ஓடி வந்தாள் ஜெயந்தினி.

காளியாயி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"தேரு நெலைக்கு வந்திருச்சு. இனி சத்தம் போட்டு அழலாம்டி."